விண்கலங்கள் வளிமண்டலத்தில் மீண்டும் நுழையும்போது எழும் குற்றொலியை இராமநாதபுரக் கரையிலிருந்து பதிவு செய்ய இயலுமா?

கேள்வி (அறிவியல் மன்றப் பொறுப்பாசிரியர், பாம்பன்):

அனைவருக்கும் வணக்கம். பாம்பன் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் மன்றத்தைக் கவனித்து வருகிறேன். ஆயுள் முடிந்த செயற்கைக்கோள்களும் ராக்கெட்டுகளின் கழிந்த பகுதிகளும் வளிமண்டலத்தில் நுழைந்து எரியும்போது, 20 ஹெர்ட்ஸுக்கும் கீழான, காதுக்கு எட்டாத ஒலியை எழுப்புகின்றன என்றும், அந்தக் குற்றொலியை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்தும் பதிவு செய்கிறார்கள் என்றும் படித்தேன். அதிலிருந்து, இதை நம் கரையில் மாணவர்களைக் கொண்டு செய்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

என் கேள்விக்கு ஓர் உண்மை நிகழ்வையே எடுத்துக்கொள்கிறேன். 2021 மே 9 அன்று காலை, சீனாவின் லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் ஏறக்குறைய 20 டன் எடையுள்ள மையப் பகுதி, நம் நேரப்படி 7.54 மணிக்கு, மாலத்தீவை ஒட்டிய கடலுக்கு மேலே வளிமண்டலத்தில் நுழைந்தது. அறிவிக்கப்பட்ட இடம் வடக்கு 2.65 பாகை, கிழக்கு 72.47 பாகை. வரைபடத்தில் அளந்தால் இராமேஸ்வரத்திலிருந்து தென்மேற்கே ஆயிரம் கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டுகிறது. அன்று நம் கரையில் கருவி ஒன்று இருந்திருந்தால் எதையாவது பதிவு செய்திருக்குமா? இரண்டு பக்கமும் கடலும், ஆண்டில் பெரும்பகுதி ஓயாத காற்றும் உள்ள இடத்தில் இந்த முயற்சிக்குப் பொருள் உண்டா? அப்படியே ஏதேனும் பதிவானாலும், அது விண்ணிலிருந்து வந்ததுதான் என்று எப்படி உறுதி செய்வது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1 (ஒலியியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், தேவிபட்டினம்):

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். பொருள் உண்டு. ஆனால் எதை எதிர்பார்க்கலாம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

சுற்றுப்பாதையிலிருந்து இறங்கும் பொருள் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், அதாவது ஒலியைப் போல 25 மடங்கு வேகத்தில் காற்றுக்குள் நுழைகிறது. அதன் முன்னால் காற்று விலக நேரமில்லாமல் அமுங்கி, அதிர்ச்சி அலையாகப் பக்கவாட்டில் விரிகிறது. 1976இல் டக்ளஸ் ரெவெல் எரிகற்களுக்காக வகுத்த கோட்பாடு இங்கும் பொருந்தும். பொருளின் குறுக்களவை அது ஒலியைப் போல எத்தனை மடங்கு வேகத்தில் செல்கிறதோ அந்த எண்ணால் பெருக்கினால், அதிர்ச்சி அலை வலுவாக இருக்கும் வட்டத்தின் ஆரம் தோராயமாகக் கிடைக்கும். அந்த ஆரத்தை 2.81ஆல் பெருக்கி, ஒலியின் வேகத்தால் வகுத்தால் அலையின் கால அளவு வரும். ஒரு மீட்டர் அகலமுள்ள துண்டுக்கு ஆரம் 25 மீட்டர், கால அளவு ஏறக்குறைய கால் நொடி, எனவே அதிர்வெண் 4 ஹெர்ட்ஸ். நீங்கள் சொன்ன ராக்கெட்டின் மையப் பகுதி 5 மீட்டர் விட்டமுடையது. அதற்குக் கால அளவு ஒரு நொடியைத் தாண்டிவிடும். தொலைவு கூடக்கூட அலை இன்னும் நீளும். மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய சூத்திரம் இது. கருவி வாங்குவதற்கு முன்பே வகுப்பில் தொடங்கிவிடலாம்.

தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. காற்று ஒலியை உறிஞ்சும் அளவு, அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது. ஆகவே காதில் விழும் இடிமுழக்கம் சில பத்துக் கிலோமீட்டரில் அடங்கிவிட, 1 ஹெர்ட்ஸ் ஒலி கண்டம் தாண்டிப் போகிறது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே வெடித்த எரிகல்லின் ஒலி பூமியையே சுற்றி வந்தது. விண்கலங்களைப் பொறுத்தவரை, 2004 செப்டம்பரில் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் இறங்கிய ஜெனிசிஸ், 2006 ஜனவரியில் அதே மாநிலத்துக்குத் திரும்பிய ஸ்டார்டஸ்ட், 2010 ஜூன் 13 அன்று ஆஸ்திரேலியாவின் வூமெராவில் இறங்கிய ஜப்பானின் ஹயபுசா ஆகிய கலங்களின் குற்றொலி முறையாகப் பதிவாகியுள்ளது. 2023 செப்டம்பர் 24 அன்று ஒசைரிஸ் ரெக்ஸ் கலத்தின், சிறுகோள் மண் மாதிரியைச் சுமந்த பெட்டகம் திரும்பியபோது, அது வரும் வழிக்குக் கீழே நெவாடா மாநிலத்தில் ஏராளமான உணரிகளை விரித்து வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டகத்தின் அகலம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்பதைக் கவனியுங்கள்.

இப்போது உங்கள் மே 9 கேள்விக்கு வருகிறேன். ஒலி மேலே சென்று, 40 முதல் 50 கிலோமீட்டர் உயரத்தில் வளைந்து கீழே திரும்பினால்தான் ஆயிரம் கிலோமீட்டர் வரை அதிகம் வலுக்குறையாமல் வரும். அப்படி வளைவதற்கு, மேலே ஒலியின் வேகம் தரையிலுள்ள வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நம் கரையில் 30 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை உறைநிலையை ஒட்டியிருப்பதால், அங்கே ஏறக்குறைய 330 மீட்டர்தான். குறையும் 19 மீட்டரை அந்த உயரத்துக் காற்றுதான் ஈடுகட்ட வேண்டும். அதாவது ஒலி வரும் திசையிலேயே நொடிக்கு 20 மீட்டருக்குக் குறையாமல் அது வீச வேண்டும். குளிர்நாட்டவர்களுக்கு இந்தச் சுமை இவ்வளவு இல்லை, நமக்கு உண்டு.

நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் அந்த உயரத்துக் காற்று ஆறு மாதச் சுழற்சியில் திசை மாறி வருகிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமநாட்களை ஒட்டி மேற்கிலிருந்து வீசும். ஜூன், ஜூலையில் கிழக்கிலிருந்து வலுவாக வீசும். ஆகவே மாலத்தீவுப் பக்கத்து ஒலி நமக்கு வர ஏற்ற காலம் மார்ச், ஏப்ரல், அக்டோபர். வங்காள விரிகுடாப் பக்கத்து ஒலிக்கு ஏற்றது நடுக்கோடை. மே 9 என்பது மேற்குக் காற்றுக் காலத்தின் வால்பகுதி. வழி திறந்திருந்தால் ஒலி நொடிக்குச் சுமார் 300 மீட்டர் வீதம் வந்து, காலை 8.50 மணியை ஒட்டி இங்கே சேர்ந்திருக்கும். நூறு கிலோமீட்டருக்கு மேலுள்ள வெப்ப மண்டலம் என்ற வளிமண்டல அடுக்கில் எதிரொலித்து வரும் வழி எப்போதும் திறந்தே இருக்கும் என்றாலும், அங்கே காற்று மிக மெல்லியது என்பதால் ஒலி பெரிதும் தேய்ந்துவிடும்.

தொலைவு குறைந்தால் இந்தச் சிக்கலே இல்லை. கலம் 70, 80 கிலோமீட்டர் உயரத்தில் சிதறுவதால், இருநூறு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ளவர்களுக்கு ஒலி நேராகவே இறங்கி வரும். தலைக்கு நேரே தீக்கோடு தெரிந்தால், கருவியில் அதன் ஒலி சேர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2 (கருவிகள் செய்து பழகியவர், கீழக்கரை):

தேவிபட்டினத்து ஐயா விரிவாக எழுதிவிட்டார்கள். நான் கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நமக்கு வேண்டிய அழுத்த மாற்றம் ஒரு பாஸ்கலில் பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். காற்றழுத்தமோ ஒரு இலட்சம் பாஸ்கல். கடல் மட்டத்தில் ஒரு மீட்டர் மேலே போனால் அழுத்தம் 12 பாஸ்கல் குறைகிறது என்பதால், உணரியை ஒரு சென்டிமீட்டர் தூக்கினாலே 0.12 பாஸ்கல் மாறிவிடும். செல்பேசியிலுள்ள அழுத்தமானி இதற்குப் போதாது. இரண்டு பக்கங்களுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் அளக்கும் அழுத்த உணரிதான் வேண்டும். ஒரு பக்கம் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். மறுபக்கத்தை மூடிய குப்பி ஒன்றுடன் இணைத்து, அந்தக் குப்பியில் ஊசிமுனை அளவில் மிக மெல்லிய கசிவு ஒன்றை விட வேண்டும். நாள்முழுதும் மெல்ல மாறும் வானிலை அழுத்தம் அந்தக் கசிவின் வழியே சமமாகிவிடும். ஒரு நொடி, இரண்டு நொடியில் வந்து போகும் அலைக்குக் கசிய நேரமிருக்காது, அதனால் அது மட்டும் வேறுபாடாகத் தெரியும். கசிவு பெரிதானால் வேண்டிய அலையும் சேர்ந்து போய்விடும், சிறிதானால் கருவி நாளெல்லாம் அலைபாயும். இந்த ஒரு துளையைச் சரிசெய்வதில்தான் பொறுமை வேண்டும். விலைக்கு வாங்குவதானால் ராஸ்பெர்ரி பூம் என்ற கருவி இதே தத்துவத்தில் இயங்குகிறது. நொடிக்கு 100 அளவீடுகளைப் பதிவு செய்யும்.

அந்தக் குப்பியை வெயிலில் வைக்கவே கூடாது. மூடிய குப்பிக்குள் வெப்பம் ஒரு பாகை கூடினால் அழுத்தம் 330 பாஸ்கலுக்கு மேல் ஏறும். பாகையில் நூறில் ஒரு பங்கு மாறினாலே மூன்று பாஸ்கல் வந்துவிடும். நாம் தேடுவது அதில் முப்பதில் ஒரு பங்கு. மேகம் விலகி வெயில் பட்டதைக் கருவி விண்கலத்தைவிட உரக்கச் சொல்லிவிடும். ஆகையால் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, நிழலுள்ள இடத்தில் இரண்டடி ஆழத்தில் மணலில் புதைத்துவிடுங்கள். உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும் என்பதால், மின் இணைப்புகளுக்கெல்லாம் சிலிக்கோன் பூசிவிட வேண்டும்.

காற்றின் இரைச்சலைக் குறைப்பது அடுத்த வேலை. காற்றுச் சுழல் ஒவ்வொன்றும் சில மீட்டர் அளவே உள்ளது. ஓர் இடத்தில் அழுத்தம் கூடும்போது பத்து மீட்டர் தள்ளிக் குறைந்திருக்கும். குற்றொலியின் அலைநீளமோ 1 ஹெர்ட்ஸில் 350 மீட்டர். ஆகவே உணரியின் வாயிலிருந்து நான்கு திசைகளிலும் பத்துப் பதினைந்து மீட்டர் நீளத்துக்குத் துளையிட்ட குழாய்களை விரித்தால், சுழல்கள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, ஒலி மட்டும் எல்லாத் துளைகளிலும் ஒன்றுபோல நுழையும். சொட்டுநீர்ப் பாசனக் குழாய் இங்கே எளிதாகக் கிடைக்கிறது என்று அதையே போட்டுவிடாதீர்கள். அதன் சொட்டுவான்கள் ஓட்டத்தைத் தடுப்பதற்கென்றே செய்யப்பட்டவை. சாதாரண அரை அங்குலக் குழாயில் அரை மீட்டருக்கு ஒன்றாக நாமே துளையிட்டு, மேலே சரளைக் கல்லைப் பரப்பிவிடுவது நல்லது.

மீண்டும் கேள்வியாளர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குப்பியின் வெப்பக் கணக்கை இன்று மாணவர்களிடம் சொன்னதும், புதைக்கும் இடத்தை இப்போதே பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். எங்கள் பள்ளி கடலை ஒட்டியே இருக்கிறது. அங்கேயே வைக்கலாமா, அல்லது உள்ளே தள்ளி இடம் பார்க்க வேண்டுமா?

பதில் 3 (மீன்பிடிக் குடும்பத்தைச் சேர்ந்தவர், தங்கச்சிமடம்):

சார், கடலோரம் வேண்டாம். கரையில் உடையும் ஒவ்வோர் அலையும் நீங்கள் தேடுகிற அதே தாழ்ந்த ஒலியை எழுப்பும். பெண்கடல் எனப்படும் பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு என்பதால் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அமைதியாகக் கிடக்கும். அதே நேரத்தில் ஆண்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் இந்துப் பெருங்கடலின் பேரலை நேரே வந்து மோதும். கார்த்திகை, மார்கழியில் வாடை எழுந்ததும் இது தலைகீழாகும். தீவில் எங்கே வைத்தாலும் இரண்டில் ஒன்று இரைந்துகொண்டே இருக்கும் என்பதால், மண்டபத்தைத் தாண்டி உச்சிப்புளிக்கு மேற்கே, கடலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி அடர்ந்த பனங்காடு அல்லது சீமைக் கருவேலங்காடு உள்ள இடமாகப் பாருங்கள். தனிப் பனை காற்றைத் தடுக்காது, ஓலை வேறு சலசலக்கும். அடியிலிருந்து புதராக மண்டிய கருவேலம்தான் தரையோரக் காற்றை அடக்கும். அந்த மரத்தை எங்கள் பக்கம் யாரும் விரும்புவதில்லை, ஆனால் இந்த ஒரு வேலைக்கு அது உதவும். உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருப்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதன் ஓடுபாதைக்கு நேராக வராதபடி இடம் தேர்ந்தெடுங்கள். நிலத்துக்காரரிடமும் ஊராட்சியிலும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால், மண்ணில் கம்பி புதைப்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பங்குனி, சித்திரையிலும் ஐப்பசித் தொடக்கத்திலும் பின்னிரவு முதல் விடியும் வரை காற்று விழுந்து கிடக்கும். பெரியவர் சொன்ன மேற்குத் திசை ஒலிக்கு ஏற்ற காலமும் அதுவே என்பதைப் படித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியாக இருந்தது. ஆடிக் கச்சானில் வங்கக் கடல் பக்கத்து ஒலியைப் பிடிப்பது கடினமாகத்தான் இருக்கும்.

பதில் 4 (தேவிபட்டினத்துக்காரர் மீண்டும்):

தங்கச்சிமடத்துத் தம்பி சொன்ன இடத்தையும் காலத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். உடையும் அலையின் இரைச்சலிலிருந்து உள்ளே தள்ளிப் போய்த் தப்பலாம். ஆனால் ஆழ்கடலில் எதிரெதிராக வரும் அலைகள் மோதும்போது எழும் 0.2 ஹெர்ட்ஸ் முணுமுணுப்பு உலகின் எல்லாக் கருவிகளிலும் உண்டு. எந்தக் காடும் அதை மறைக்காது. பதிவைப் பார்க்கும்போது 0.7 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டிவிட்டால், ஒன்றிரண்டு மீட்டர் அகலமுள்ள செயற்கைக்கோளுக்கு அது போதும். ஐந்து மீட்டர் ராக்கெட் பகுதி என்றால் அதன் ஒலி அந்த முணுமுணுப்பின் விளிம்பிலேயே விழும் என்பதால், கவனமாகப் பிரிக்க வேண்டியிருக்கும். ஆக, பெரிய பொருள்தான் எளிதில் தெரியும் என்று எண்ண வேண்டியதில்லை.

எப்படி உறுதி செய்வது என்ற கேள்விதான் என் மனத்துக்கு முக்கியமானது. ஒரே ஓர் உணரி இருந்தால் எதையும் உறுதி செய்ய முடியாது. குறைந்தது மூன்று வேண்டும், அவை ஒரே கோட்டில் இல்லாமல் முக்கோணமாக, ஒன்றுக்கொன்று நூறு மீட்டருக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும். 120 மீட்டர் இடைவெளியைக் கடக்க ஒலிக்கு அதிகபட்சம் 0.34 நொடி ஆகும். நொடிக்கு 100 அளவீடுகள் என்றால் அது 34 அளவீடுகள். மூன்றின் கடிகாரங்களும் ஜிபிஎஸ் மூலம் ஒத்துப்போனால், எது முந்தியது, எது பிந்தியது என்பதிலிருந்து ஒலி வந்த திசையைச் சில பாகைப் பிழைக்குள் சொல்லிவிடலாம். காற்றின் இரைச்சல் மூன்றிலும் மூன்று விதமாக இருக்கும். ஒலி மூன்றிலும் ஒரே வடிவத்தில் இருக்கும். உயரத்திலிருந்து சாய்வாக இறங்கும் அலை, தரையோடு தவழ்ந்து வரும் அலையைவிட வேகமாக உணரிகளைக் கடப்பதுபோலத் தோன்றும். படகு எஞ்சின், பாம்பன் பாலத்து ரயில், தொலைவில் வெடிவைக்கும் பாறைக்குழி ஆகியவற்றை இதைக் கொண்டே பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம்.

திசை கிடைத்த பிறகும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒலியைப் போல 25 மடங்கு வேகத்தில் செல்லும் பொருளின் அதிர்ச்சிக் கூம்பு இரண்டேகால் பாகை அளவுக்கு ஒடுங்கியது, ஏறக்குறைய உருளையே. அதனால் ஒலி பாதைக்குச் செங்குத்தாகத்தான் வெளியேறுகிறது. உங்கள் கருவி காட்டும் திசை, பாதையில் உங்களுக்குச் செங்குத்தாக அமைந்த புள்ளியின் திசையாக இருக்குமே தவிர, கலம் விழுந்த இடத்தின் திசையாக இருக்க வேண்டும் என்பதில்லை. சிதறும் நொடியில் எழும் ஒலி மட்டும் எல்லாப் பக்கமும் பரவுகிறது. எனவே பதிவில் இரண்டு தனித்தனிச் சலனங்கள், இரண்டு வெவ்வேறு திசைகளிலிருந்து, சற்று இடைவிட்டு வரலாம். அப்படி வந்தால் அதைக் குழப்பமாகக் கருதாமல், கிடைத்ததில் மிகச் சிறந்த பதிவாகக் கருதுங்கள்.

இதனால் நாட்டுக்கு என்ன பயன் என்று பெற்றோர் கேட்டால் சொல்ல விடை இருக்கிறது. கட்டுப்பாடின்றி விழும் பொருளின் நேரத்தை, மீதமுள்ள காலத்தில் ஐந்தில் ஒரு பங்குப் பிழையோடுதான் முன்கூட்டிச் சொல்ல முடிகிறது. ஒரு நிமிடப் பிழை என்பது தரையில் 450 கிலோமீட்டருக்கும் மேல். 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ராக்கெட்டின் உலோக வளையம் ஒன்று ஊருக்குள்ளேயே விழுந்தது. கடலுக்கு மேலே ரேடாரும் கேமராவும் இல்லாத இடங்களில் எது எங்கே சிதறியது என்பதைச் சொல்ல ஒலி உதவும். அணுவெடிப்புச் சோதனைத் தடை உடன்படிக்கைக்காக உலகெங்கும் 60 குற்றொலி நிலையங்கள் திட்டமிடப்பட்டன. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. நம் நாட்டில் அந்த நிலையம் எதுவும் இல்லை. நமக்குத் தெற்கே அத்தகைய நிலையம் இருப்பது ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தள்ளியுள்ள டியாகோ கார்சியா தீவில். இடைப்பட்ட கடலுக்கு நம் கரை நல்ல செவியாக அமையும் என்று உறுதியாக நம்புகிறேன்.

விண்கலம் விழும் வரை காத்திராமல் பயிற்சி எடுக்க ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. அங்கிருந்து உங்களுக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். ஏவும் நேரம் நொடி பிசகாமல் தெரியும். ஒலி வந்தால் 28 நிமிடத்தை ஒட்டி, சற்று முன்பின்னாக, வடக்கிலிருந்து வர வேண்டும். அந்தப் பாதை வடக்குத் தெற்காக அமைவதால் மேலுள்ள கிழக்கு, மேற்குக் காற்று துணை செய்யாது. ஆகவே சில ஏவுதல்கள் பதிவாகாமல் போகலாம். அதைக் கொண்டு கருவி பழுது என்று முடிவு செய்துவிட வேண்டாம். எல்விஎம் 3 போன்ற பெரிய ராக்கெட்டுக்கு வாய்ப்பு கூடுதல். குலசேகரன்பட்டினத்திலிருந்து ஏவத் தொடங்கிய பிறகு 170 கிலோமீட்டரில் இன்னொரு மூலம் கிடைக்கும் என்றாலும், தரையிலிருந்து எழும் ஒலி மேலே போய்த் திரும்பி இறங்குவதற்கு முன்னுள்ள அமைதி வளையத்துக்குள் நம் கரை அகப்படக்கூடும். சாயல்குடிப் பக்கம் நண்பர்கள் யாரேனும் மற்றோர் உணரியை வைத்தால் அந்த வளையத்தின் எல்லையையே அளந்துவிடலாம்.

மீண்டும் கேள்வியாளர்:

சாயல்குடியில் எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆசிரியராக இருக்கிறார். அவரிடம் பேசிவிட்டேன், ஆர்வமாக இருக்கிறார். முதலில் ஓர் உணரியை உச்சிப்புளிக்கு மேற்கே புதைத்து, காற்றில்லாத பின்னிரவில் 0.2 ஹெர்ட்ஸ் முணுமுணுப்பு தெரிகிறதா என்று பார்க்கிறோம். அது தெரிந்தால் கருவி சரியாக இயங்குகிறது என்று கொள்ளலாம் அல்லவா?

பதில் 5 (கீழக்கரை):

கொள்ளலாம். அதைவிட நல்ல சோதனை எளிதில் கிடைக்காது. ஐந்து நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அந்த அலை தெரியாவிட்டால், முதலில் குப்பியின் கசிவுத் துளையைப் பாருங்கள். பெரும்பாலும் அது பெரிதாகியிருக்கும். மூன்று உணரிகளையும் வெவ்வேறு இடங்களில் வைப்பதற்கு முன், ஓர் இரவு முழுவதும் ஒரே குழிக்குள் அருகருகே வைத்துப் பதிவு செய்து, மூன்று கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பொருந்தாவிட்டால் கோப்புகளை இங்கே பதிவேற்றுங்கள், சேர்ந்து பார்ப்போம்.